வேலை கேட்கப் போகும் தியாகலிங்கம்

கடைசிச் சாமான் வண்டிலையும் உருட்டிக்கொண்டு வந்து வரிசையில் செருகிவிட்டு, தியாகலிங்கம் கையுறைகளைக் கழற்றிப் பனியை உதறினார். அஜின்கோர்ட்டில் உள்ள அந்தப் பலசரக்குக் கடையின் கார்த் தரிப்பிடம் முழுக்கச் சிதறிக் கிடந்த வண்டில்கள் இப்போது ஒரே கோட்டில் நின்றன. கடைச் சிப்பந்தி என்று நினைத்து, "அண்ணை, புளி எந்தப் பக்கம்?" என்று அவரிடம் கேட்டேன்.

"தெரியாது தம்பி. நானும் இங்கை வேலை கேட்டு வந்தனான். இல்லையெண்டிட்டினம்."

"அப்ப இந்த வண்டில்கள்?"

"வேலை கேக்க வந்த இடத்திலை சும்மா கையை வீசிக்கொண்டு திரும்பிப் போறதே?"

இப்படித்தான் எனக்கு அவர் பழக்கமானார். வயது ஐம்பத்தெட்டு. மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் தனியாக இருக்கிறார். கலியாணம் ஏன் கட்டவில்லை என்று கேட்டால், "ஓவர்டைம் கூடிப்போச்சு தம்பி" என்பார். போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவர். தொழிற்சாலை மெக்சிக்கோவுக்கு இடம் மாறியது. "அது போயிட்டுது, நான் நிண்டிட்டன்" என்று அந்தக் கதையை அவர் முடித்துவிடுகிறார்.

இப்போது அவருக்குச் சாப்பாடு போடுவது, வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் வெல்பெயர் பணம். நம்மவர்களில் பலர் அந்தச் சொல்லை உதட்டுக்குள்ளேயே விழுங்கிவிடுவார்கள். தியாகலிங்கம் பஸ்ஸில் நின்றபடி நாலு பேர் கேட்கச் சொல்லுவார். "அரசாங்கம் எனக்குச் சோறு போடுது. வேலை தேடு எண்டு சொல்லித்தான் போடுது. அப்ப தேடத்தானே வேணும்?" பங்குனி முடிவதற்குள் ஒரு வேலையோ பயிற்சியோ காட்டவேண்டும் என்று வெல்பெயர் அலுவலகம் அவருக்குத் தவணை சொல்லியிருந்தது. காட்டாவிட்டால் பணம் நிற்கும்.

எல்லாரும் ஒன்லைனில் வேலை தேடும் ஊரில் இவர் நடந்து போய்த் தேடுகிறார். நூலகத்தில் கொம்பியூட்டருக்கு முன்னால் அவரை உட்காரவைத்துப் பார்த்தேன். சொன்னபடி எல்லாம் தட்டினார். பதில் ஒன்றும் வரவில்லை. "உது இல்லையெண்டு கூடச் சொல்லாது தம்பி. மனிசரெண்டால் மூஞ்சையைப் பாத்துச் சொல்லுவினம்" என்று எழும்பிவிட்டார். தேய்த்த சட்டை, கழுத்துப்பட்டி, காலில் மட்டும் இரும்பு நுனி வைத்த தொழிற்சாலைச் சப்பாத்து. அதையும் பளபளவென்று துடைத்திருப்பார். எந்தக் கடையிலும் ஒரே வசனம்தான்: "சேர், எனி வேக்கன்சி? ஐ கேன் ஸ்ராட் ரைட் நௌ." இல்லை என்று தலையசைத்தால் நன்றி சொல்லுவார். பிறகு சுற்றுமுற்றும் பார்ப்பார். பேக்கரி வாசலில் பனி குவிந்திருக்கும், வழித்துத் தள்ளுவார். சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் கிடக்கும் மட்டைப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கி அடுக்குவார். ஒருமுறை ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் செய்ய ஒன்றுமே கிடைக்கவில்லை. கண்ணாடிக் கதவில் இருந்த விரல் அடையாளங்களைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு வந்தார். நான் அசந்து போனேன். சம்பளம் வாங்குகிற நாங்களே இப்படி வேலை செய்வதில்லை.

போன மாசியில் அவருக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. காரணம் இதுதான். அவர் ஒரு கடை வாசலில் வேலை செய்வதை யாரோ ஒரு புண்ணியவான் கண்டு, 'களவாக உழைக்கிறார்' என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார். அலுவலகம் அந்தக் கடைக்குத் தொலைபேசியில் பேசியது. கடைக்காரர் மோகனசுந்தரம் திருச்சிக்காரர், நல்ல மனிதர். வேறு யாரோ அவருக்கு வேலை கொடுக்கத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, "ரெண்டு வருஷமா நம்ம கடைலதான் இருக்காரு. தங்கமான ஆளு, ஒரு நாள் லேட்டா வந்ததில்ல" என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டார். நம்மில் யாராயிருந்தாலும் அதைத்தானே செய்திருப்போம்?

வாடகை கட்ட முடியாமல் நிலுவையில் நின்றது. தேவாலயத்து உணவு வங்கியில் கிடைத்த பருப்பையும் மக்கரோனியையும் வைத்து நாளை ஓட்டினார். கழுத்துப்பட்டி கட்டிய சட்டைக் கொலர் அவர் கழுத்தில் தளர்ந்து போயிருந்தது. "கடைக்காரர் சொன்னது பொய் எண்டு சொல்லுங்கோ அண்ணை, எல்லாம் சரிவரும்" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அலுவலகத்துக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். தலையாட்டிக்கொண்டே வந்தார்.

அதிகாரி அட்சயா இங்கே பிறந்த பிள்ளை. மரியாதையானவள். "அங்கிள், ஐ ஹாவ் ரு ஆஸ்க். நீங்கள் அங்க வேலை செய்யேல்லையெண்டால் அவர் பொய் சொல்லியிருக்கிறார். ரெண்டிலை எது?"

"நான் அங்கை சம்பளத்துக்கு வேலை செய்யேல்லை, பிள்ளை."

"ஸோ, அவர் பொய் சொன்னவர்?"

தியாகலிங்கம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த நாட்டிலை என்னைப் பற்றி ஒரு மனிசன் நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். அவரைப் பொய்யன் எண்டு என்ரை வாயாலை சொல்லமாட்டன்."

"அப்ப என்னாலை காசை ரிலீஸ் பண்ண ஏலாது, அங்கிள்."

"ஓம் பிள்ளை. உம்மிலை பிழையில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பசித்த வயிற்றோடு இப்படியும் ஒரு வீம்பா? வெளியே வந்து மோகனசுந்தரத்தை அழைத்து நடந்ததைக் கொட்டினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் காரை ஓட்டிக்கொண்டு வந்து அட்சயாவின் முன்னால் நின்றார்.

"நான்தாம்மா பொய் சொன்னேன். அவரு கடைல வேலையே பார்க்கல. பல தடவை வந்து கேட்டாரு, நான்தான் இல்லேன்னு அனுப்புனேன். ஒரு வார்த்தை நல்லதா சொன்னா எங்கேயாவது கெடைக்குமேன்னு..."

அட்சயா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கொம்பியூட்டரில் எதையோ தட்டினாள். பணம் விடுவிக்கப்பட்டது. பங்குனித் தவணை அப்படியே இருந்தது. "அங்கிள், பிளீஸ். வேலை கேளுங்கோ, செய்யாதேங்கோ" என்று அனுப்பிவைத்தாள்.

வெளியே நல்ல குளிர். மோகனசுந்தரம் தன் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. "ஏறுங்கண்ணே. நாளைலேருந்து நம்ம கடைதான். கணக்கு வழக்கெல்லாம் முறையா பண்ணிடலாம்."

என் கோபமெல்லாம் போய்விட்டது. ஏறுங்கோ அண்ணை, ஏறுங்கோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவருக்கு இருந்ததோ ஒரு மாதத் தவணை.

"உங்கடை கடையிலை உண்மையா ஆள் தேவையே, ஐயா?"

மோகனசுந்தரம் கதவை இன்னும் அகலத் திறந்தார். "பார்த்துக்கலாம்ணே... சமாளிச்சுக்கலாம்."

"இண்டைக்கு என்ரை மூஞ்சையைப் பாத்து இல்லையெண்டு சொல்ல உங்களாலை ஏலாது. ஏலாத நாளிலை கேக்கிறது சரியில்லை. தேவை வரேக்கை கூப்பிடுங்கோ, ஓடிவாறன்."

இப்படி ஒரு மனிதரை நான் இதற்குமுன் கண்டதில்லை. அவர் மோகனசுந்தரத்தைத் தோளில் பிடித்துச் சாரதி இருக்கையில் இருத்தினார். திறந்து கிடந்த முன்கதவை இரண்டு கையாலும் மெல்லச் சாத்தினார். பிறகு காரின் பின்னால் போய் வீதி விளிம்பில் நின்று, வந்த பஸ்ஸை ஒரு கையால் மறித்தபடி மற்றக் கையால் காருக்கு "பின்னாலை வரலாம், வரலாம்" என்று காட்டினார்.