கோடு இரண்டு முறை வரும்

கார் மேஸ்திரியின் வலது கட்டைவிரலில் நகம் கிடையாது. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த விரலால் துளையை அடைத்துக்கொண்டு, முன்னால் கம்பி போட்டு இஞ்சினைச் சுற்றச் சொல்வார். உள்ளேயிருந்து காற்று விரலைத் தள்ளும் நேரத்தில்தான் தீப்பொறி வரவேண்டும். "தள்ளுது சார், நிறுத்து" என்பார். ஆரம்பாக்கத்தில் என் பழைய காருக்கு அவர் டைமிங் வைத்த விதம் அதுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் கருவி வைத்து அளவு சோதித்தவன் நான். விரலை நம்ப மனம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வைத்துவிட்டுப் போனதை, புதன்கிழமை மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது கலைத்தேன். இஞ்சின் முன்சக்கரத்திலிருந்த கோட்டை அதன் மேலிருந்த முள்ளுக்கு நேராக நிறுத்தி, புத்தகத்தில் சொன்ன டிகிரிக்கு வைத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். மேஸ்திரி வேலையில் நான் கை வைப்பது அவளுக்குப் பிடிக்காது. அவள் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கவே, ஸ்டார்ட் செய்து பார்க்காமல் பானட்டை மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணிற்று. அன்று பந்த், ஆட்டோ ஓடவில்லை. ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். மகன் அவளைப் பின்சீட்டில் கிடத்தினான். பதினேழு முறை செல்ஃப் அடித்தேன். இஞ்சின் இருமியது, வெடித்தது, பிடிக்கவில்லை. மகன் ஓடிப்போய் மேஸ்திரியை அழைத்து வந்தான்.

அவர் விரலை வைத்தார், நான் சுற்றினேன். தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எட்டிப் பார்த்தவர் என் காதருகே குனிந்தார்.

"கை வெச்சியா சார்? கோடு ரெண்டு தபா வரும். ஒரு தபாதான் காத்து தள்ளும். நீ பொய்க் கோட்டுல வெச்சிக்கிற."

"இன்னா மேஸ்திரி, ஞாயித்துக்கெழமதானே பாத்தே? இன்னா கிழிச்சே?" என்று மகன் கத்தினான்.

மேஸ்திரி என்னை ஒருமுறை பார்த்தார். "என் தப்புதாம்பா. வயர மாத்திக் குத்திட்டேன்" என்றபடி நான்கு வயர்களையும் இடம் மாற்றினார். முதல் அடியிலேயே பிடித்தது. அதற்குள் முப்பத்தெட்டு நிமிடம் போயிருந்தது.

"இன்னும் சீக்கிரம் வந்திருந்தால்" என்று தொடங்கிய டாக்டர் முடிக்கவில்லை. வலது கைக்கு உயிர் திரும்பவில்லை. பேச்சில் நான்கு சொற்கள் மிச்சம்.

மேஸ்திரி அவளைப் பார்க்க மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று முறையும் நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். கடைசி முறை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மா கோவம் என் மேலயே இருந்துகினு போவட்டும் சார். உன் மேல திரும்பிச்சின்னா, அவங்கள யாரு தூக்கி உக்கார வெக்கிறது?"

பதினோரு மாதமாக அவர் வரவில்லை. தினமும் ஆறு முறை அவளைத் தூக்கி உட்கார வைக்கிறேன். ஆறு முறையும் சொல்ல வாயெடுத்து, தலையணையைச் சரிசெய்கிறேன்.