அடுத்த ஊர்க்காரர்களின் ஆட்டம்

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து என்னைத் திருவண்ணாமலைக்குத் தூக்கிப் போட்டார்கள். கலெக்டர் ஆபீசில் உதவியாளர் வேலை. "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இரு, திரும்பி வந்துடலாம்" என்றார் அண்ணன். பல்லைக் கடித்துக்கொண்டே பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. நடுவில் வேங்கிக்காலில் மனை வாங்கி, கடன் போட்டு, இரண்டு அறையும் ஒரு பெரிய ஹாலுமாக வீடு கட்டினேன். கூட இருக்கட்டும் என்று அம்மாவை அழைத்து வந்தேன். கிரகப்பிரவேசம் முடிந்த எட்டாவது மாதம் அம்மா போய்விட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "உங்க வீட்டுல மாப்பிள்ளை இருக்காரா?" என்று திருப்பிக் கேட்பேன். அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இத்தனை வாய் உள்ளவளுக்குத் தனிமை ஏது என்று ஆபீசில் நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால், திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாட்ச்மேன் வணக்கம் சொல்லும் வரை நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. அவருக்குப் பதில் வணக்கம் சொல்லும்போது தொண்டை துருப்பிடித்த மாதிரி கரகரக்கும். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வேன். பழகவில்லை. ஒரு நாளும் பழகவில்லை.

கல்லூரிப் பெண்களின் கால்பந்துப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று வேலூர்ப் பக்கம், இன்னொன்று கடலூர்ப் பக்கம். முந்தைய வருஷமும் இதே இரண்டு பேர்தான் மோதினார்கள். ஒருத்தர் ஊரில் ஆட்டத்தை வைக்க, நடுவர் விசிலில் தகராறாகி, பஸ் கண்ணாடி உடைந்து, போலீஸ் வந்தது. ஆகவே இந்த முறை இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஊராகப் பார்த்தார்கள். இருவருக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம்.

ஊர் வியாபாரிகள் சேர்ந்து ஒரு வரவேற்புக் கமிட்டி போட்டார்கள். பாத்திரக் கடைக்காரர் ஒருவர் தலைவர். வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்தவர் இல்லை. "வெளியூர் ஜனம் வந்தா ஊருக்கு நாலு காசு வரும்" என்பதுதான் அவருடைய விளையாட்டு ஆர்வம். கடிதம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் கேட்க, எங்கள் சூப்பிரண்டு என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

போட்டிக்கு மூன்று சனிக்கிழமைகளைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள் போட்டியை நடத்தும் பல்கலைக்கழகத்தார். தலைவர் காலண்டரைப் புரட்டினார். ஒரு சனிக்கிழமையில் பௌர்ணமி. அதன் மேல் விரலை வைத்தார்.

"மேடம், அன்னிக்கு மலை சுத்த லட்சம் பேர் வரான். நூத்துல ஒருத்தன் கிரவுண்டு பக்கம் ஒதுங்கினாலே ரொம்பி வழியும்."

"லாட்ஜ் கிடைக்குமாங்க அன்னிக்கு?" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

நான் கடிதத்தை எழுதினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அதற்கு மேல் எனக்கென்ன வந்தது.

வியாழக்கிழமை இரண்டு கல்லூரி பஸ்ஸும் வந்து சேர்ந்தன. வேலூர்க்காரர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். கடலூர்க்காரர்களுக்கு ஒரு லாட்ஜில் அறை சொல்லியிருந்தது. லாட்ஜ்காரர் கையை விரித்துவிட்டார். மாதா மாதம் பௌர்ணமிக்கு வருகிற பார்ட்டி இந்த முறை வியாழனே வந்துவிட்டார்களாம், அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாதாம். பதினெட்டுப் பெண்களும் அவர்களுடைய பி.டி. மேடமும் பைகளோடு மைதானத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் போன் மேல் போன் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். பெண்களில் ஒருத்தி பையைத் தலைக்கு வைத்து வெறும் மண்ணில் தூங்கிவிட்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்கு வாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

ஒரு டம்ளர் அரிசி போட்டு இரண்டு வேளை தள்ளுகிறவளுக்குப் பத்தொன்பது பேருக்கு எவ்வளவு ரவை என்று தெரியாது. முதல் நாள் உப்புமா பாதிப் பேருக்குத்தான் வந்தது. உப்பும் இல்லை. "அக்கா, நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று நாலு பேர் சமையலறைக்குள் புகுந்தார்கள். என் சமையலறையில் என்னை உட்காரச் சொன்னால் வழக்கமாக எனக்குக் கோபம் வரும். அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தொட்டித் தண்ணீர் காலையிலேயே தீர்ந்தது. காம்பவுண்டுச் சுவர் முழுக்க ஈரக் காலுறைகள். எதிர்வீட்டு அம்மா, ஐந்து வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், கேட்டருகே வந்து, "யாருங்க இவங்கல்லாம்?" என்று கேட்டார். "நம்ம பொண்ணுங்கதாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் குள்ளமாக ஒருத்தி இருந்தாள். இரண்டாம் வருஷம் படிப்பவள், நடுக்களத்தில் ஆடுபவள், எல்லோரையும் அதட்டுபவள். "இவ்ளோ பெரிய வீட்டுல தனியாவா இருக்கீங்க அக்கா? பயமா இருக்காது?" என்றாள்.

"எனக்கென்ன பயம்? திருடன் வந்தா அவன்தான் பயப்படணும்."

பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். என் பேச்சுக்கு ஆபீசிலும் சிரிப்பார்கள். நான் நகர்ந்த பிறகு வேறு மாதிரியும் சிரிப்பார்கள். இது அந்தச் சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மைதானத்துக்குப் போனால் தலைவர் முகம் பூரித்துக் கிடந்தது. ஷாமியானாவை ஒட்டி ரோடு வரைக்கும் ஜனம். "நான் சொன்னேன்ல மேடம்!" என்றார். கூட்டம் வரிசையாக நிற்பதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. கால்பந்து பார்க்க எதற்கு வரிசை? முன்னால் நின்ற பெரியவர் என்னிடம் கேட்டார்: "சாம்பார் சாதமா, புளி சாதமாம்மா?"

எங்கள் ஊரில் பௌர்ணமியன்று ஷாமியானா போட்டு மைக் கட்டினால் அது அன்னதானம்தான். வேறு எதற்கும் யாரும் அன்றைக்குப் பந்தல் போட மாட்டார்கள். இது தெரியாத ஆள் இந்த ஊரில் யாரும் இல்லை, எங்கள் கமிட்டியைத் தவிர. தலைவர் மைக்கில், "பக்த கோடிகளே, இங்கே சாப்பாடு கிடையாது, கால்பந்து மட்டும்தான்" என்று அறிவித்தார். ஐந்து நிமிஷத்தில் மைதானம் காலி. கால் வலித்த சிலர் மட்டும் நிழலுக்காக உட்கார்ந்தார்கள். அவர்களும் பந்துக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் பார்க்க அன்று இரண்டு பஸ்களில் வந்த அந்தந்தக் கல்லூரி மாணவர்கள் கத்தியதோடு சரி. ஊர்க்காரர்களுக்குக் கத்த யாரும் இல்லை. ஆடுவது இரண்டுமே அடுத்த ஊர். எனக்கு மட்டும் ஆள் இருந்தது. என் வீட்டுப் பிள்ளைகள் பந்தை எடுக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கத்தினேன். "மேடம், நாம பொது" என்று தலைவர் காதோடு சொன்னார். "நீங்க பொதுவா இருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கத்தினேன். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். குள்ளச்சி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். புடவை நனைந்தது.

ஞாயிறு காலை பஸ் ஏறிப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை வாட்ச்மேனுக்கு வணக்கம் சொன்னபோது என் தொண்டை கட்டியிருந்தது, கத்திய கத்தலில். அது சரியாகிவிடக் கூடாதே என்று இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டு எழுதினார்கள்: அடுத்த வருஷமும் நடத்திக் கொடுப்பீர்களா? கமிட்டி கூடியது. தலைவர் கொதித்துக்கொண்டிருந்தார். "ஊருக்கு இன்னா பிரயோஜனம்? ஒண்ணும் இல்ல. தலைவலிதான் ஜாஸ்தி." கடைசியில், முடிவெடுக்கும் முன் கடைக்காரர்களை விசாரித்து ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கும்படி என்னிடமே விட்டார்கள்.

என் நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ குறிப்பு எழுதியிருக்கிறேன். எந்தக் குறிப்பும் இப்படி என் கழுத்தில் கத்தியை வைத்ததில்லை. லாபமில்லை என்று எழுதினால் அந்தப் பெண்கள் இனி இந்த ஊர்ப்பக்கம் வர மாட்டார்கள். லாபம் என்று பொய் எழுத எனக்குக் கை வராது. ஆபீசில் மற்றவர்கள் அப்படி எழுதும்போது முகத்துக்கு நேரே கேலி செய்தவள் நான்.

சாயங்காலங்களில் கடை கடையாக ஏறி இறங்கினேன். டீக்கடைக்காரர், "பௌர்ணமிக்கு எப்பவும் ஆவுற வியாபாரம்தான் மேடம்" என்றார். பூக்கடையிலும் அதையே சொன்னார்கள். லாட்ஜ்காரர் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அன்னிக்கு ஒரு ரூம் கூட மீதி இருக்காதுங்க. புதுசா யார் வந்து எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றார். நாலு நாளாக இதே பாட்டு. கேட்கக் கேட்க எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பாய் ஒருவரின் பிரியாணிக் கடைக்குப் போனேன். "உக்காருங்கம்மா" என்று மேஜையைத் துடைத்தார். "பௌர்ணமின்னா நான் ஈ ஓட்டுவேன். மலை சுத்த வர்றவங்க யார் கவிச்சி சாப்புடுவாங்க? பாதி பௌர்ணமிக்குக் கடையே தொறக்க மாட்டேன். அன்னிக்கு அந்த ரெண்டு பஸ் பசங்க வந்தாங்க பாருங்க, ரெண்டு மணிக்கெல்லாம் அண்டா காலி. மறுபடியும் எப்போ வெக்கறாங்க?"

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழிந்துதானே ஓடும்? அன்று ஊரில் காலியாக இருந்தது பாய் கடை ஒன்றுதான். லாபம் அங்கே மட்டும் போய்ச் சேர்ந்தது. மற்ற கடைகளும் லாட்ஜும் காலியாகக் கிடக்கிற நாளில் ஆட்டத்தை வைத்தால் எல்லோருக்கும் பாய்க்கு ஆனது ஆகும். பொய்யும் இல்லை, பிள்ளைகளும் வருவார்கள். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஒரே மூச்சில் எழுதினேன். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நடுவில், விசேஷம் இல்லாத வாரமாகப் பார்த்து நடத்தினால் தங்கும் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் உண்மையான பயன் உண்டு, எனவே தொடர்ந்து நடத்தலாம் என்று முடித்தேன். கமிட்டியில் படித்ததும், கேட்க வந்திருந்த லாட்ஜ்காரர் கை தட்டினார். "இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்னு சொல்றது" என்றார் தலைவர். ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது.

அந்த வருஷம் முழுக்க எனக்கு ஒரு பிடிப்பு இருந்தது. சொன்னால் வெட்கம், பெரிய அண்டாவும் தேங்காய் துருவுகிற மிஷினும் வாங்கினேன். மாடியில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வைத்தேன். கடலூர்ப் பெண்கள் மறுபடியும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வரும் என்று நான் பார்த்திருந்த பஸ் பதினொன்றாகியும் வரவில்லை. பன்னிரண்டுக்கு ஆட்டோ பிடித்துத் தலைவர் கடைக்குப் போனேன். "அவங்க காலைலயே வந்துட்டாங்களே மேடம், லாட்ஜ்ல எறக்கிவிட்டாச்சி. இப்போ ரூமுக்கா பஞ்சம்?" என்றார்.

லாட்ஜ் வாசலில் பஸ் நின்றது. லாட்ஜ்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "வாங்க மேடம். எல்லாம் உங்க யோசனை. இந்த வாரத்துல எட்டு ரூம் ஒண்ணா போனதே இல்ல." உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

குள்ளச்சி மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். இப்போது அவள்தான் கேப்டன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ரூம் சூப்பரா இருக்கு. ஒவ்வொரு ரூமுக்கும் பாத்ரூம். இந்த தடவ உங்களுக்கு எங்களால ஒரு தொந்தரவும் இல்ல."

பின்னாலேயே வந்த பி.டி. மேடம், "போன வருஷம் உங்களை ரொம்பப் படுத்திட்டோங்க. அதான் இந்த வருஷம் மொத ஆளா ரூமுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டேன்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட நாக்கு நுனி வரை வந்தது. வசதியாக இருக்கிறவர்களைக் கிளப்பிக்கொண்டு போய், பத்தொன்பது பேருக்கு ஒரே பாத்ரூமில் வரிசை நிற்க வைக்க எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஊரில் எது எது காலியாகக் கிடக்கிறது என்று கடை கடையாகப் போய்க் கேட்டுத் திரிந்தவள், என் வீட்டை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. போன வருஷம் பாய்க்கு விழுந்த லாபத்தைவிட எனக்கு விழுந்தது ஜாஸ்தி. அதை எழுத ஒரு வரி இருந்ததா அந்தக் குறிப்பில்?

"சாயங்காலம் பிராக்டீசுக்கு வருவீங்கல்ல அக்கா?" என்றாள். மேலே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்!" என்று கத்திக்கொண்டே மாடிப்படி ஏறிவிட்டாள்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பாமல் ஆபீசுக்குப் போகச் சொன்னேன். சூப்பிரண்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, லீவுல வந்து நிக்கற? உன் விருந்தாளிங்க வரலையா?"

"வந்துட்டாங்க சார். லாட்ஜ்ல வசதியா இருக்காங்க" என்றேன். வெள்ளிக்கிழமை லீவை ரத்து செய்யும்படி எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.