நேர்ந்துவிட்ட சேவலின் கால்கள்

முப்பத்தோரு வருஷம் தாலுகா கச்சேரியில் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வுச் சம்பளத்தோடு கொல்லிமலைக்கு ஏறினேன். சேந்தமங்கலத்துச் சொந்தக்காரர்கள் என்னை வழியனுப்பிய விதத்தில் பாதிக் கருமாதி முடிந்துவிட்டது. மலைக்காய்ச்சல் வந்து மூன்றே மாதத்தில் போய்விடுவேன் என்பது அவர்கள் கணக்கு. நான் ஒரு புட்டி கொய்னா மாத்திரையும், கச்சேரி அலமாரியில் யாரும் பிரிக்காமல் கிடந்த அரசாங்கத் துண்டுப் பிரசுரங்களில் ஒரு கட்டும் எடுத்துப் போனேன். காய்ச்சல் என்னை ஒன்றும் செய்யவில்லை. பிரசுரங்கள்தான் வேலையைக் காட்டின.

மலைமேல் குண்டூர் நாடு என்னும் பகுதியில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு அம்மாளும் அவர் கணவரும் ஏழெட்டுக் கோழிகளும். யுத்த காலம் அது. அந்த வருஷம் கணவர் காய்ச்சலில் விழுந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று ஆனபோது, அந்த அம்மாள் ஒரு செவலைச் சேவலை அம்மனுக்கு நேர்ந்துவிட்டார். கணவர் பிழைத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்தார். திருவிழாவுக்கு நான்கு வாரம் இருந்தது.

அப்போதுதான் பூசாரி வந்து சேவலைத் தூக்கிப் பார்த்தார். அதன் இரண்டு காலிலும் செதில்கள் வெள்ளைப் பொருக்குத் தட்டி, ஈச்ச மரத்து அடிமரம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றன. நடக்கும்போது நொண்டியது.

"கால் இப்பிடி இருந்தா ஆகாது கண்ணு. அம்மனுக்கு ஊனமில்லாததுதான் குடுக்கோணும்."

"வேற சேவல் குடுத்தா ஏத்துக்காதுங்களா?"

"நேந்து உட்டது இதைத்தான? அம்மங்கிட்டயே பேச்சை மாத்துவியா?"

பூசாரி போனதும் அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நேர்ச்சை நின்றுபோனால் காய்ச்சல் திரும்பி வரும், இந்த முறை ஆளைக் கொண்டுபோகாமல் விடாது என்ற பயம் அவருக்கு.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத விஷயத்துக்கெல்லாம் குறிப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். வேலிக்கு மேல் தலையை நீட்டினேன்.

"அம்மணி, இது சாமி குத்தமில்ல. பூச்சி. செதிலுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத உண்ணி குடியிருக்குது. திருவிழாவுக்குள்ள கால் ரெண்டையும் புதுசாக்கித் தாரேன்."

"மண்ணெண்ணெயில முக்குனாப் போயிருமுன்னு சொல்றாங்களே, ஏனுங்க?"

"போகும். கூடவே தோலும் போகும்."

வைத்தியம் சுலபமானது. கை பொறுக்கும் வெந்நீரில் கால்களைச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். வேப்பங்குச்சியின் நுனியை மென்று பஞ்சாக்கி, அதனால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் ரத்தம் வரும். ஈரம் துடைத்து, செதில்களின் இடுக்கெல்லாம் இறங்கும்படி வேப்பெண்ணெய் தடவினால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். கோழிகள் அடையும் கொம்பையும் சுரண்டிக் கழுவ வேண்டும். இதையெல்லாம் மூன்று நாளைக்கு ஒரு முறை செய்தால் போதும் என்று கோழி வளர்ப்புப் பிரசுரத்தில் தெளிவாகப் போட்டிருந்தது.

நான் தினமும் செய்தேன். விதி கேட்பதைவிட ஒரு படி மேலே போய் நிற்பதுதான் கடமை என்று நினைத்தவன். கச்சேரியில் என்னைக் கண்டால் எல்லோரும் வேறு பக்கம் நடந்ததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது தெரிகிறது.

முதல் வாரம் சேவல் என் வேட்டியைக் கிழித்தது, முழங்கையைக் கொத்தியது. இரண்டாவது வாரம் அரிப்பு அடங்கியதோ என்னவோ, எதிர்ப்பில்லாமல் மடியில் உட்கார்ந்தது. மூன்றாவது வாரம் வெந்நீர்ச் சட்டியைப் பார்த்ததும் தானாகவே வேலி தாண்டி வந்தது. முதலில் வலது காலை நீட்டும். தேய்த்து முடித்தால் இடது காலை நீட்டும். அந்த ஒழுங்கைக் கண்டு நெகிழ்ந்துபோய், மிச்ச வெந்நீரைத் தலையிலிருந்து முதுகு வரை ஊற்றிவிடுவேன். மலைக்குளிரில் அது கண்ணை மூடிக்கொண்டு சொக்கி நிற்கும். பிரசுரத்தில் இதற்கு இடமே இல்லை. முழுக்க என் சொந்தச் சேர்க்கை.

"போன பொறப்புல இது தாசில்தாரா இருந்திருக்குமுங்க," என்றார் அந்த அம்மாள். "உங்களையே கால் கழுவ வெச்சிருக்குது பாருங்க."

திருவிழாவன்று கால்கள் மஞ்சள் பூசியது போல வழவழவென்று இருந்தன. பூசாரி தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். சலவை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, நானே அம்மன் மாதிரி முன்வரிசையில் நின்றேன்.

பலி கொடுக்கும் முன் சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதற வேண்டும். உதறினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். மூன்று முறை ஊற்றியும் உதறாவிட்டால் அம்மனுக்கு வேண்டாம். இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. கீழே சேந்தமங்கலத்திலும் இதே வழக்கம்தான். பிறந்தது முதல் பார்த்தவன்.

பூசாரி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். சேவல் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு ஒரு கண்ணைத் திறந்து என்னைத் தேடிப் பிடித்து, வலது காலைத் தூக்கி நீட்டியது.

எனக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தில் வேறு யாருக்கும் எதுவும் புரியவில்லை.

இரண்டாவது செம்பு. சேவல் இடது காலை நீட்டியது.

மேளம் நின்றது. "ஊட்டுல என்ன குத்தம் நடந்துச்சு? மறைக்காமச் சொல்லிரு கண்ணு," என்றார் பூசாரி. "ஒண்ணுமில்லீங்க சாமி, ஒண்ணுமே இல்லீங்க," என்று அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். கணவர் ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற பெண்கள் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"குத்தம் என்னுதுங்க," என்றேன். இருபத்தாறு நாள் வைத்தியத்தையும் வெந்நீர்க் குளியலையும் முன்வரிசையில் நின்றபடியே ஒப்பித்தேன்.

மேளக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது.

"காலைக் கழுவச் சொன்னா, கல்யாண மாப்பிள்ளைக்கு நலுங்கு வெச்ச மாதிரியல்ல வெச்சிருக்கறீங்க!" என்றார் யாரோ.

பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு செம்புதானுங்க பாக்கி. அது அம்மனைப் பாக்கல, உங்களையேதான் பாக்குது. கொஞ்சம் அந்தாண்ட போங்க."

"கண்ணுல படாத தூரமாப் போயிருங்க சாமி," என்றார் அந்த அம்மாள்.

போனேன். ஒரு பலா மரத்துக்குப் பின்னால் போய், அடிமரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த விதிகள் எதிலும் இதற்கு வழியில்லை. "உதறு சாமி, உதறு," என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். அம்மனிடம் கெஞ்சினேனா சேவலிடமா என்று தெரியாது.

வெகுநேரம் கழித்துத்தான் குலவைச் சத்தம் எழுந்தது. கூடவே மேளமும். அப்படியே வேரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

என்னைக் கூப்பிட அந்த அம்மாளின் கணவரே ஊன்றுகோலோடு வந்தார். "வாங்க சாமி. நீங்க போனதும் இப்பிடியும் அப்பிடியும் தேடுச்சு. காணோமுன்னு தெரிஞ்சதும் ஒரு ஒதறு ஒதறுச்சு பாருங்க, பூசாரி மூஞ்சி பூராத் தண்ணி! அவ அழுதுட்டே சிரிக்கறா. வாங்க, சோறு ஆறுது."

பந்தியில் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் சேவல் குழம்புச் சட்டியோடு என் எதிரே வந்து அகப்பையைத் தூக்கியதும், இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க?"

"பல் வலி அம்மணி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், எனக்கு மட்டும் மோர் கொண்டுவந்து ஊற்றினார்.