டம் அக்காவின் கை நிறம்

டம் அக்கா பிறந்தபோது அவளுடைய அப்பா எட்டிப் பார்த்து, "டம்" என்றாராம். எங்கள் மொழியில் கறுப்பு என்று அர்த்தம். அதுவே பெயராக நின்றுவிட்டது. அடுத்துப் பிறந்த தங்கைக்குக் காவ் என்று வைத்தார். வெள்ளை என்று அர்த்தம். தங்கையும் அதே நிறம்தான். மூத்தவளுக்கு அப்பா பார்த்துப் பெயர் வைத்தார், இளையவளுக்கு நம்பி வைத்தார்.

அடையாள அட்டையில் அவள் பெயர் வன்னபா. அந்தப் பெயரை அவள் வங்கியில் மட்டும்தான் பயன்படுத்தினாள். அங்கேயும் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

பத்தொன்பது வயதில் தெற்கே பத்தலுங்கிலிருந்து ரயிலேறித் தலைநகருக்கு நடிக்க வந்தாள். தொலைக்காட்சித் தொடர்களில் உடனே வேலை கிடைத்தது. வேலைக்காரி வேடம். எஜமானி கோபப்பட்டால் கதாநாயகியை அடிப்பதற்கு முன்னால் வேலைக்காரியை அடிப்பாள், அது பயிற்சி மாதிரி. டம் அக்கா மூன்று தொடர்களில் அறை வாங்கினாள். மூன்றாவது தொடரில், அறைந்த நடிகையின் கைத்தடம் இவள் கன்னத்தில் திரையில் தெரியவில்லை என்று இயக்குநர் குறைப்பட்டார். டம் அக்கா தானே கொஞ்சம் சிவப்பு குழைத்துத் தடத்தை வரைந்துகொண்டாள். நன்றாக வந்தது. அதற்குப் பிறகு நடிக்க யாரும் கூப்பிடவில்லை, மேக்கப் போடக் கூப்பிட்டார்கள்.

நான் அவளைப் பார்த்தபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. தலைநகரில் லாட் பிராவ் பகுதியில் சியா மூவின் உணவுப் பொருள் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். கம்பெனி கறுப்பு ஜெல்லி, துளசி விதைப் பானம், புளி மிட்டாய் எல்லாம் செய்தது. விளம்பரத்தை வெளியே கொடுத்தால் ஏமாற்றுவார்கள் என்று சியா மூ அதையும் மாடியில் ஓர் அறையில் தானே எடுத்தார். சியா என்றால் முதலாளி, மூ என்றால் பன்றி. குழந்தையில் கொழுகொழுவென்று இருந்தவர், இன்றும் அப்படித்தான். ஒளிப்பதிவாளர் குங், அதாவது இறால். என்னை நூ என்பார்கள், சுண்டெலி. நான் அதிகம் பேசுவதில்லை. ஆங்கிலம் தெரியும் என்பதால் வெளிநாட்டு வியாபாரம் என்னிடம் இருந்தது.

அந்த வருடம் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் கடை வைத்திருந்த ஒரு நிறுவனம் எங்கள் கறுப்பு ஜெல்லியை வாங்கச் சம்மதித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் சியா மூ ஒரு புது விளம்பரம் யோசித்தார். பேருந்து நிறுத்தத்தில் ஒரு கறுப்புப் பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. அவள் ஜெல்லி டப்பாவைத் திறக்கிறாள். எல்லோரும் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். "கறுப்புதான், ஆனா இனிப்பு" என்று ஒரு குரல்.

நடிக்க வந்த பிம், வடக்கே சியாங் மாய்க்காரி. அவளுடைய வெள்ளை நிறத்துக்காகவே அவளுக்கு மற்ற விளம்பரங்கள் கிடைத்துக்கொண்டிருந்தன.

"கறுப்புப் பொண்ணுக்கு எங்க போறது? இவளையே கறுப்பாக்கிரு டம்," என்றார் சியா மூ.

"எவ்வளவு கறுப்பு சியா?"

"நல்லா தெரியற மாதிரி. உன் கை மாதிரி."

டம் அக்கா முழங்கை வரை சட்டையை மடித்து மேசைமேல் கையை வைத்துக்கொண்டு, ஒரு டப்பாவில் பழுப்பும் கறுப்பும் கொஞ்சம் சிவப்பும் சேர்த்துக் குழைத்தாள். கையில் தடவிப் பார்த்தாள். தடவின இடம் தெரியாமல் போகிறவரை குழைத்தாள். பிறகு காலை முழுவதும் பிம்முக்குப் பூசினாள். முடிந்ததும் சியா மூ ஒரு சுருட்டை முடி டோப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு? என் முடி நேராதான இருக்கு," என்றாள் டம் அக்கா.

"உன்னை மாதிரின்னா யார் சிரிப்பாங்க? இத வை."

வைத்தார்கள். பிம் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். டம் அக்காவும் சிரித்தாள்.

குங் விளக்கை ஏற்றிவிட்டு, "டம் அக்கா, கழுத்துல வெள்ளை தெரியுது. இன்னும் கொஞ்சம் கறுப்பு கொண்டாங்க!" என்று கத்தினான். பிம் இதையெல்லாம் கைப்பேசியில் எடுத்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டாள். இயந்திரம் தானாகவே ஆங்கிலத்தில் எழுத்து ஓட்டியது. எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் பிம் எந்த சோப்பில் அந்தக் கறுப்பைக் கழுவினாள் என்று கேட்டார்கள்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி கேட்டார்கள். அந்தக் கடைக்காரர்கள் சரக்கை நிறுத்திவிட்டு, காணொளியில் பேச வேண்டும் என்றார்கள். பொறுப்பான ஆள்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள் என்று அப்போது சொல்ல வேண்டுமாம்.

சியா மூவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "யாரைத் திட்டினோம்? ஒருத்தரையும் திட்டலயே. இனிப்புன்னுதான சொன்னோம்?"

"கறுப்புன்னாலும் இனிப்புன்னு சொன்னோம் சியா," என்றேன்.

"ஆமா. பாராட்டுதான?"

நான் விளக்கினேன். அந்த நாடுகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பு மனிதர்களைக் கேலி செய்து ஆடியதை, அப்படிக் கேலி செய்யப்பட்டவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை. அவர் கவனமாகக் கேட்டார்.

"அது அவங்க பண்ணதுல்ல? நாம எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, யாராவது ஒரு ஆளைக் காட்டணும்," என்றார்.

டம் அக்காவைக் கூப்பிட்டு, கோழிச் சோறு வரவழைத்துக் கொடுத்தார். அவர் சோறு வாங்கிக் கொடுத்தால் கெட்ட செய்தி என்று எல்லோருக்கும் தெரியும். டம் அக்கா முதலில் தோலைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"டம், கொஞ்ச காலம் நீ வீட்ல இரு."

"எவ்வளவு காலம் சியா?"

"அவங்க மறக்கற வரைக்கும்."

டம் அக்கா என்னைப் பார்த்தாள். "இங்கிலீஸ்காரங்க சீக்கிரம் மறப்பாங்களா நூ?"

"எழுதி வச்சுக்குவாங்க அக்கா."

"அப்ப இந்த வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்?" என்று சியா மூவிடம் கேட்டாள். "இப்பல்லாம் இருபது வயசுப் பிள்ளைங்கதான் பூசுதுங்க."

சியா மூ சோற்றைக் காட்டி, "சாப்பிடு, சாப்பிடு," என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். பூசினது அவள் என்று சொல்லி, அவளை நீக்கிவிட்டோம் என்று அறிவிப்பதாக முடிவாயிற்று.

காணொளியில் இரண்டு பேர் தெரிந்தார்கள். கிரகாம் என்ற வெள்ளைக்காரர், முகமெல்லாம் சிவந்திருந்தார். டெனிஸ் என்ற கறுப்புப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், அதிகம் அசையவில்லை. சியா மூ கிரகாமைப் பார்த்தே பேசினார். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் டெனிஸ் என்று நான் மேசைக்கடியில் அவர் காலைத் தட்டினேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

கிரகாம்தான் முதலில் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். "மேக்கப் போடற அம்மாவ நீங்க எல்லாரும் 'கறுப்பி'ன்னு கூப்பிடறதா அந்த வீடியோவுல எழுத்து ஓடுது. அது நெசமா?"

"நெசம்தான்," என்றார் சியா மூ. "அவ பேரு அது."

"அவங்க அதுக்குச் சம்மதிச்சாங்களா?"

"அவங்கப்பா வச்சாரு. பொறந்தப்பவே." கிரகாமின் முகத்தைப் பார்த்துவிட்டு, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எங்களைச் சுட்டிக்காட்டினார். "இதுல ஒண்ணும் தப்பில்ல. என் பேரு பன்றி. காமிரா பிடிக்கிறவன் இறால். இப்ப உங்ககிட்ட பேசறது சுண்டெலி."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அது என் வேலை. கிரகாம் கண்ணாடியைக் கழற்றினார்.

டெனிஸ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்த அம்மா அங்க இருக்காங்களா?"

டம் அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு, சாவியைக் கொடுக்க வந்தவள். வந்து உட்கார்ந்து கைகூப்பினாள். டெனிஸ் அவளைப் பார்த்தார்.

"நீங்கதான் பூசினீங்களா?"

"ஆமாம்மா."

"அந்த நிறம் எப்படிக் கெடச்சுது?"

டம் அக்கா சட்டையை மடித்து, காமிராவுக்குப் பக்கத்தில் கையை நீட்டினாள். திரை முழுவதும் கையாக இருந்தது.

"இதப் பாத்துக் குழைச்சேன்."

"அப்ப உங்களையே ஏன் நடிக்க வைக்கல?"

"அவ மேக்கப்காரிங்க," என்றார் சியா மூ.

"அவங்களக் கேட்டேன்," என்றார் டெனிஸ்.

டம் அக்கா யோசித்தாள். "யாரும் கேக்கல. நானும் சொல்லல. அங்கதான் நின்னுட்டிருந்தேன். பூசற பஞ்சு என் கையில இருந்துச்சு."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லயா?"

"பேருக்கா? பேருல என்னம்மா கஷ்டம்."

டெனிஸ் தலையை ஆட்டினார். "என் மகளுக்குப் பதிமூணு வயசு. அவ வகுப்புல ஒருத்தி இந்தப் படத்த எல்லாருக்கும் அனுப்பி, 'பாரு, நீ டிவியில வந்திருக்கே'ன்னு எழுதியிருக்கா. ரெண்டு நாளா பள்ளிக்கூடம் போகல. முடியக் கட்டிட்டு, துணியச் சுத்திட்டு உக்காந்திருக்கா."

இதை மொழிபெயர்த்தபோது என் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக வந்தது. டம் அக்கா கையை இழுத்துக்கொண்டாள். திரையில் டெனிஸின் முடியைப் பார்த்தாள். சுருட்டை முடி, நன்றாக வாரிப் பின்னால் கட்டியிருந்தது.

"அந்த டோப்பா உங்க ஆளுங்க முடி மாதிரி," என்றாள். "சிரிக்கத்தான் வச்சாங்க. வச்சதும் நானும் சிரிச்சேன். நிறத்துக்கு நான் சிரிக்கல, அது என் நிறம். முடிக்குச் சிரிச்சேன். எனக்கு அந்த முடி இல்ல, அதான். பாப்பாகிட்ட சொல்லுங்க, பூசின பொம்பளை மன்னிப்புக் கேட்டான்னு."

டெனிஸ் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு சியா மூவைப் பார்த்து, "இவங்களத்தான் நீக்கறீங்களா?" என்று கேட்டார்.

"நேத்தே நீக்கியாச்சுங்க," என்றார் சியா மூ, பெருமையாக.

"திரும்பச் சேருங்க. அந்தப் படம் எங்கயும் ஓடக் கூடாது. புதுசா எடுங்க. டோப்பா இல்லாம, அந்த வசனம் இல்லாம, இவங்கள வச்சு. அப்பறம் சரக்கப் பத்திப் பேசலாம்."

"டம்மையா? படத்துலயா?"

"ஏன், என்ன கஷ்டம்?"

சியா மூ நிஜமாகவே கவலைப்பட்டார். "அவ நடிச்சா, யாருங்க மேக்கப் போடறது?"

கடைசியில் கிரகாம் ஒரு விண்ணப்பம் வைத்தார். அலுவலகத்தில் இனி யாரையும் உடம்பு நிறத்தை வைத்துக் கூப்பிடக் கூடாது. பன்றியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சியா மூ அன்றே உத்தரவு போட்டார். அந்த வாரம் பொட்டலம் கொண்டுவந்த ஆள் கீழே நின்று "வன்னபா யாருங்க?" என்று கேட்டபோது, டம் அக்காவே படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்படி யாரும் இங்க இல்லப்பா," என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பொட்டலத்தில் இருந்தது அவளுடைய புதுப் பஞ்சுகள். அதோடு உத்தரவு முடிந்தது.

படப்பிடிப்பு அன்று மேக்கப் போட மாய் என்ற சின்னப் பெண் வந்தாள். அழகான பெட்டி. திறந்தால் பாலிலிருந்து தேங்காய்ப்பால் வரை எல்லா நிறமும் இருந்தது.

"இதுல இருக்கறதுலயே கறுப்பு எது?" என்று டம் அக்கா கேட்டாள்.

மாய் ஓரத்திலிருந்த ஒரு சிறிய வில்லையைக் காட்டினாள். "இது மூக்கு எடுப்பா தெரியறதுக்கு நிழல் போடறது அக்கா."

"மூக்குக்கு மட்டுமா?"

"மத்த இடத்துக்கு யாரும் கேட்டதில்ல அக்கா."

மாய் அவளுக்குத் தெரிந்ததைப் பூசினாள். டம் அக்கா கண்ணாடியில் பார்த்தாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். மாவு மூட்டைக்குப் பக்கத்தில் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள். இத்தனை வருடமும் கல்யாணங்களுக்குப் போகும்போது அவளும் தனக்கு இப்படித்தான் பூசிக்கொண்டாள் என்று என்னிடம் சொன்னாள். அவளுடைய நிறத்தில் கடையில் எதுவும் விற்கவில்லை, குழைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

எழுந்து முகத்தைக் கழுவினாள். அலமாரியைத் திறந்து, பிம்முக்குக் குழைத்த டப்பாவை எடுத்தாள். கால் டப்பா மிச்சம் இருந்தது. மேலே காய்ந்திருந்ததை விரலால் விலக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கலக்கித் தன் முகத்தில் பூசிக்கொண்டாள். பூசப் பூசப் பூச்சு காணாமல் போயிற்று. கன்னத்திலிருந்த பழைய அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழே இருந்த அசதியும் மட்டும் அதோடு போயின.

சியா மூ அந்த டப்பாவைப் பார்த்துவிட்டார். "ஏ டம், அதையா பூசற? அதுக்குத்தான இவ்வளவு ரகளை?"

"இங்கிலாந்துல சொல்லாதீங்க சியா."

அவள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். குங் காமிராவில் கண்ணை வைத்துப் பார்த்தான். தலையை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தான். மறுபடி காமிராவில் பார்த்தான்.

"அக்கா, மேக்கப் போட்டாச்சா இல்லயா?"

"போட்டாச்சு."

"தெரியவே இல்லயே!"

"ஆமா," என்றாள் டம் அக்கா. டப்பாவைத் திறந்து ஜெல்லி சாப்பிட்டாள். யாரும் வந்து சூழவில்லை, அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அவள் சாப்பிட்டுக்கொண்டே பேருந்து வருகிறதா என்று ஒரு தடவை பார்ப்பாள், அவ்வளவுதான் படம். கிரகாமிடமிருந்து நன்றி வந்தது. மேக்கப் எதுவும் இல்லாமல் அந்த அம்மாவை இயல்பாகக் காட்டியதை மிகவும் மதிப்பதாகச் சொல்லியிருந்தார். டெனிஸ் ஒரு வரிதான் அனுப்பியிருந்தார், மகள் பார்த்தாள் என்று. சரக்கு போயிற்று.

படம் இங்கேயும் ஓடிய அன்று பத்தலுங்கிலிருந்து தங்கை காவ் அழைத்தாள். தெரு முழுவதும் அவள் வீட்டில் இருந்தது, பின்னால் சத்தம் கேட்டது. டம் அக்கா கைப்பேசியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்துவிட்டுப் பஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எல்லாரும் பாத்தோம்! நல்லா சாப்பிட்டே. எதுத்த வீட்டுக்காரி அழுதுட்டா," என்றாள் காவ். "ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோச்சுக்காத. நீதான ஊருக்கெல்லாம் மேக்கப் போடறவ. உனக்குன்னு வந்தப்ப கொஞ்சம் வெள்ளையா பூசியிருக்கக் கூடாதா?"

டம் அக்கா பஞ்சைப் பிழிந்து, உலர வைத்தாள்.

"வெள்ள தீந்துபோச்சுடி," என்றாள்.