ரோலருக்கு விட்ட வழி

என் வீட்டுக்காரர் ரோடு ரோலர் ஓட்டியவர். நான் அதே ரோட்டு வேலையில் சித்தாள். தாரும் ஜல்லியும் பரப்பிய பிறகு ரோலர் ஏறும்போது, சக்கரத்தில் தார் ஒட்டிக்கொண்டு ரோடே பெயர்ந்து வரும். அப்படி ஒட்டாமலிருக்க, ஒருத்தி ஈரச் சாக்கோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த ஒருத்தி நான். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் அப்படித்தான் நடந்தேன். அவர் மேலே, நான் கீழே. அது சர்க்கார் வண்டி, டிரைவரைத் தவிர யாரும் ஏறக்கூடாது. ஏறச் சொல்லியிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எனக்குத் தலையே நிமிராது.

அக்காவை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ரோட்டு மேலேயே வீடு. வேலை அவள் வாசலைத் தாண்டிய அன்று சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிப்பதற்குள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

"இன்னாடி இது, புருஷன் சவாரி போறான், நீ மாடு ஓட்டிகினு போறவ மாதிரி பக்கத்துல நடந்துகினு வர்ற?"

கூட இருந்த சித்தாள்கள் சிரித்தார்கள். அவர் மேலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். வண்டியை நிறுத்தவில்லை. சோறு தின்னும்போதுதான் சொன்னார்.

"எனக்குன்னு ஒரு ரோலர் வரட்டும். உன்ன மேல ஒக்கார வச்சி உங்க அக்கா வூட்டு வாசல்ல கொண்டாந்து எறக்குறேன்."

ரோலரைச் சொந்தமாக யார் வைத்திருக்கிறார்கள்? சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனசுக்குள் உட்கார்ந்துகொண்டது. நான் மேலே உட்கார்ந்திருப்பேன், அக்கா வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதை நினைத்துப் பார்ப்பேன்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில்தான் எங்கள் ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. பழைய ரோலர்களை ரோட்டு ஆபீஸ் பின்னால் முள்செடியில் தள்ளிவிட்டு ஏலம் போட்டார்கள். இரும்புக் கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த ஏலத்தில் இவரும் போய் நின்று, தாம் ஓட்டிய வண்டியையே எடுத்துவிட்டார். அதை டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். நான் அன்றைக்கும் பின்னாலேயே நடந்துதான் வந்தேன்.

எங்கள் மனை நீளமானது. கடைசியில் வீடு, முன்னால் வெறும் இடம், அதற்கு அப்பால் ரோடு. வீட்டை ஒட்டி முருங்கை மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இஞ்சின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, தினம் காலையில் கைப்பிடியைப் போட்டு அசைத்துப் பார்ப்பார். ஒரு நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. குழந்தை முதல் தடவை குப்புறக் கவிழ்ந்தது போல என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொரு சாமானுக்கும் மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்த் தேடுவார். கிடைத்தால் வாசலிலிருந்தே குரல் கேட்கும். கிடைக்காத நாளில் பேசாமல் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்.

பின்சக்கரம் இரண்டும் ஆடின. உள்ளே பித்தளை புஷ் தேய்ந்துவிட்டது, லேத்தில் புதிதாகக் கடைந்து போட வேண்டும் என்றார். நாலு ஆள் வந்து, சங்கிலி போட்டுத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி மதிலோரம் சாய்த்தார்கள். வண்டியைக் கட்டைகள் மேல் நிறுத்தினார்கள். அப்படியே அது ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது. ஒரு சக்கரத்தின் குழிவில் என் கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. சக்கரமில்லாத வண்டியே எங்கள் கண்ணுக்குப் பழகிவிட்டது.

புஷ்ஷுக்கும் டீசல் பம்ப்புக்கும் பணம் வேண்டும். அந்த நேரத்தில்தான் தெற்கத்திப் பிள்ளைகள் கம்பெனி வேலைக்கு வந்து தங்க ரூம் தேடிக்கொண்டிருந்தார்கள். ரோட்டுப் பக்கம் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விடலாம், அந்தக் காசில் வண்டியை முடித்துவிடலாம் என்றார். எனக்கும் சரியென்று பட்டது. ஒரு பக்கம் எங்கள் ரூம், இன்னொரு பக்கம் அடுத்த மனைக்காரர் எழுப்பிய மதில், நடுவில் ரோலர் போக வழி. கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் பிடித்து வண்டியின் அகலத்தை அளந்தார். இரண்டு பக்கமும் ஒரு சாண் தாராளமாகவே விட்டார். மேஸ்திரி அதன்படி சுவர் எழுப்பினார்.

அதன் பிறகு புஷ் வந்தது, சக்கரம் ஏறியது, பம்ப்பும் வந்து சேர்ந்தது. அந்த இஞ்சினைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, வேகம் பிடித்ததும் இன்னொருவர் இஞ்சின் தலையில் உள்ள சின்ன லிவரைத் தட்டிவிட வேண்டும். அந்த வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் மூச்சு வாங்கச் சுற்றி, "உடு" என்றார். தட்டினேன். கரும்புகை கக்கிக்கொண்டு பிடித்தது பாருங்கள், முருங்கை இலையெல்லாம் உதிர்ந்தது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் லுங்கியோடு வெளியே வந்தார்கள். ஒருவன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தான்.

"தாத்தா, டயர்ல காத்து இருக்கான்னு பாத்தீகளா?"

அவர் சிரித்துக்கொண்டே என்னை ஏறச் சொன்னார். அத்தனை பிள்ளைகள் முன்னால் எப்படி ஏறுவது? ரோட்டுக்குப் போனதும் ஏறிக்கொள்கிறேன் என்றேன். பழைய பழக்கத்தில் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தேன். அதனால் நான்தான் முதலில் பார்த்தேன். சக்கரம் நேரே ரூம் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க."

இறங்கி வந்து பார்த்தார். வண்டியின் உடம்பு தாராளமாகப் போகும். இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் சக்கரங்கள் போகாது. சுவரையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சக்கரத்த உட்டுட்டு அளந்துகினேன்மே," என்றார்.

வண்டியைப் பின்னால் எடுத்துப் பழையபடி முருங்கையடியில் நிறுத்திவிட்டு, வழியை ஒட்டிய அந்த ரூமில் ஆள் காலியானதும் சுவரை இடித்துவிடலாம் என்று சொன்னார். ஆனால் அந்த ரூம் காலியாகவே இல்லை. ஒருவன் ஊருக்குப் போனால் அதே பாயில் அவன் சிநேகிதன் வந்து படுத்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வாடகையில்தான் சாப்பாடு. அக்கா போன் செய்யும்போதெல்லாம், "இன்னும் கெளம்பலியா உங்க தேரு?" என்று கேட்பாள். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். அவளுக்கு முட்டிவலி அதிகமாகியிருந்தது.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி அவளே வந்துவிட்டாள். ரோலரைத் தடவிப் பார்த்தாள், வழியைப் பார்த்தாள். கேலி செய்யப் போகிறாள் என்று நான் உள்ளே போகப் பார்த்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது வராட்டி இன்னாடி. நான் வந்துட்டன்ல."

மத்தியானம் சாப்பிட்டோம், பழைய கதையெல்லாம் பேசினோம். சாயங்காலம் வெயில் தாழ அவள் கிளம்பினாள். போகும்போது அவரிடம், "இவள ஒரு தடவ மேல ஏத்துங்க, பாத்துட்டுப் போறேன்" என்றாள். அவர் கைப்பிடியைச் சுற்றினார், நான் லிவரைத் தட்டினேன். பிள்ளைகள் எல்லாம் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே நின்று அக்கா அண்ணாந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு அந்த வழியாகவே மெதுவாக நடந்து ரோட்டுக்குப் போனாள்.

மேலே உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, மதிலுக்கு அந்தப் பக்கம் வாலாஜாபாத் ரோடு நன்றாகத் தெரிகிறது. எழிச்சூர்ப் பக்கம் போய் வளைகிற வரைக்கும் தெரிகிறது. வாலாஜாபாத் பஸ் வந்து நின்றது. அக்கா கம்பியைப் பிடித்து, முட்டியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு ஏறினாள். பஸ் சின்னதாகிக்கொண்டே போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவரும் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்காமல் கியரைப் போட்டார். ரோலர் அசைந்தது. எனக்குக் கீழே சக்கரம் உருளுவது உடம்பெல்லாம் தெரிந்தது. முருங்கையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ரூம் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினார். இறங்கச் சொல்லவில்லை. பஸ் வளைவில் திரும்பிய பிறகும், இஞ்சினை அணைக்காமல் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.