பின்பக்கத்துத் தகடு

என் வேலையில் யாராவது குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் கிடக்கிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, டிரெய்லருக்கு ஒட்டு, எது வந்தாலும் செய்வேன். ஒருமுறை ஒருவர் புதுக் கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்றார். மாட்டிய கேட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

என் தங்கையை வடகரையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை லோடர் ஓட்டுபவர். பண்பொழி போகும் வழியில் ஜல்லியும் எம்-சாண்டு மணலும் குவித்து வைத்து விற்கும் யார்டு ஒன்றில் அவருக்கு வேலை. அவர் ஓட்டியது குட்டி லோடர். பெரிய வண்டிகளுக்கு இருப்பதுபோல அதற்குப் பக்கவாட்டில் கதவு கிடையாது. இரண்டு பக்கமும் வாளியைத் தூக்கும் இரும்புக் கைகள் ஏறி இறங்கும். ஓட்டுபவர் முன்னால் இருக்கும் வாளியை மிதித்து ஏறி, உள்ளே போய், திரும்பி உட்கார வேண்டும். இறங்குவதும் அதே வழிதான். கோழிக்கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்த மாதிரி இருக்கும். யாரோ ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட வண்டி அது. முன்னால் திறந்த வாய், பக்கங்களில் கம்பிவலை, பின்னால் விரிசல் விட்ட ஒரு கண்ணாடி. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை என்னைவிட ஆறு வயது இளையவர். நான் வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதி எழுந்துவிடுவார். எங்கள் அம்மா ஒரு தீபாவளிக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டாள். நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். அவர் மட்டும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு அத்தை" என்றார். இப்படி ஒரு மனிதரா என்று நான் கேலி செய்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பொருள் எதையும், எங்கள் வீட்டு ஆள் யாரையும் அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

அந்தச் சித்திரை வெயிலில் தங்கை பட்டறைக்கு வந்தாள். பஸ்ஸில் வந்த வேர்வை காயும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, அவரு விடிய விடிய இருமுதாரு. வெயில்ல தூசி, சாரல்ல தண்ணி. நெஞ்சுல தூசி சேந்திருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. இந்த வருசச் சாரல்லயும் நனைஞ்சா தாங்க மாட்டாருண்ணே."

"யார்டுக்காரர்ட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னாச்சு. அடைக்கணும்னா அடைச்சுக்கிடுங்க, எனக்கென்னன்னுட்டாரு. நீ ஒரு ரூம் மாதிரி அடைச்சுக் குடேன்."

சரி என்றேன். தங்கை கேட்டு நான் இல்லையென்று சொன்னதில்லை. மறுவாரம் மாப்பிள்ளையே வண்டியைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். இருமலை அடக்கிக்கொண்டு, "உங்களுக்குச் சிரமம் மச்சான்" என்றார். ஒரு சிரமமும் இல்லை, ஐந்து நாளில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. முதல் நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தேன். இரும்புக் கைகள் இறங்கும்போது பக்கத்துத் தகடு உரசக் கூடாது. இரண்டு விரல் இடைவெளி விட்டேன். முன்னால் இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, தெளிவான ஃபைபர் ஷீட் போட்டு, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி கதவு செய்தேன். கதவு ஓரத்தில் தூசி நுழையாமல் கார் கதவுக்குப் போடும் ரப்பர். பக்கத்து வலைக்கும் ஷீட். உள்ளே சூடு ஏறும் என்று காருக்கு மாட்டும் சின்ன ஃபேன் ஒன்று வாங்கி மாட்டினேன். கூரைக்கு உள்பக்கம் பழைய சீட் ரெக்ஸினை ஒட்டினேன். அது யாரும் கேட்காத வேலை. தங்கச்சி வீட்டுக்காரர் உட்காரும் இடம், தலை இடித்தால் வலிக்கக் கூடாது என்று ஓர் ஆசை.

பிறகு பின்பக்கம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆனி பிறந்து காற்று மாறியதும் முதலில் மேற்கை அடைப்போம். கணவாய் வழியாக வருகிற காற்று சாரலைத் தூக்கி மேற்குச் சுவரில்தான் அறையும். வீட்டில் மேற்கு ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள் அடிப்போம், மாட்டுக் கொட்டகைக்குச் சாக்கு கட்டுவோம், டீக்கடைக்காரர் பெஞ்சைக் கிழக்கே திருப்பிப் போடுவார். இதையெல்லாம் யாரும் யோசித்துச் செய்வதில்லை. அந்த யார்டில் மணல் குவியல்கள் கிழக்குச் சுவரை ஒட்டி இருந்தன. மாப்பிள்ளையின் வண்டி நாள் முழுக்க மூஞ்சி கிழக்கே, முதுகு மேற்கே. விரிசல் விட்ட அந்தப் பின்கண்ணாடி வழியாகத்தான் தண்ணீர் அவர் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. எனவே மற்ற எதையும்விடப் பின்பக்கத்தை உறுதியாக அடைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கண்ணாடியைக் கழற்றினேன். அதைச் சுற்றியிருந்த ரப்பரில், உள்பக்கமாக, ஒரு சிவப்பு வளையம் தொங்கியது. சாவி வளையம் அளவு இருக்கும். பக்கத்தில் ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்திருக்கிறது. எழுத்தெல்லாம் தேய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. இது எதற்கு என்று ஒரு நொடி கையில் வைத்துப் பார்த்தேன். சத்தியமாக ஒரு நொடிதான். பிறகு ரப்பரோடு சேர்த்துப் பழைய இரும்பு டப்பாவில் போட்டேன். அந்த இடத்தில் மூன்று மில்லி கனமுள்ள இரும்புத் தகட்டை வைத்து, ஒரு ஆள் வெளியே எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கையகலத்தில் ஒரு ஃபைபர் துண்டு மட்டும் பதித்தேன். வழக்கமாக இந்த மாதிரித் தகட்டுக்கு அங்கங்கே புள்ளியாக வெல்டு வைத்து விடுவோம். கடப்பாரையை நுழைத்து நெம்பினால் வந்துவிடும். நான் அப்படி விடவில்லை. ஒரு சொட்டு இறங்கக் கூடாது என்று சுற்றிலும் ஒரே ஓட்டமாக வெல்டு இழுத்தேன். கிரைண்டர் போட்டு வழித்து, ப்ரைமர் அடித்தேன். விரலால் தடவினால் இணைப்பு தெரியாது.

மாப்பிள்ளை வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். ஃபேனைப் போட்டு முகத்தைக் காட்டினார். பின்னால் போனவர் தகட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல மச்சான். ரொம்ப நல்லா வந்திருக்கு."

அவர் நின்றதை என் வேலையின் அழகைப் பார்த்து மலைத்து நின்றதாக எடுத்துக்கொண்டேன்.

ஆனியும் ஆடி முதல் பாதியும் நன்றாகவே போயின. இருமல் குறைந்துவிட்டது, இரவில் தூங்குகிறார் என்று தங்கை போனில் சொன்னாள். யார்டுக்கு வரும் லாரிக்காரர்கள் ஏசி ரூமா என்று கேலி செய்தார்களாம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனில் அந்த வண்டியின் படத்தைக் காட்டினேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அருவிகளில் நல்ல தண்ணீர். பட்டறைக்கு முன்னால் சீசன் கூட்டத்தின் வேன்களும் கார்களும் ஊர்ந்துகொண்டிருந்தன. மதியம் யார்டில் எடை போடுபவர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, சீக்கிரம் வாங்க. மணல் சரிஞ்சு உங்க மாப்ள வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டாரு. முன்னால தொறக்க முடியல, பக்கத்துல இரும்புக் கையும் வலையும். பின்னால அடிக்கோம், ஒடைய மாட்டேங்குது."

ஈர மணல் செங்குத்தாக நிற்கும். அடியை அள்ள அள்ள மேல்பக்கம் அப்படியே தொங்கும். அன்று ஒரு லாரிக்கு அவசரமாக அள்ளியிருக்கிறார். மேலே தொங்கியது மொத்தமாக வண்டியின் முன்னால் விழுந்துவிட்டது. வெளியே திறக்கிற மாதிரி நான் செய்த கதவை மணல் அமுக்கிக்கொண்டது. பிறகு ஃபைபர் ஷீட் உடைந்து மணல் உள்ளே பாய்ந்து, அவர் மடியையும் லிவரையும் மூடியது. வண்டி அப்படியே நின்றுவிட்டது.

கிரைண்டர், உளி, பெரிய சம்மட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். கேஸ் கட்டரை எடுக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது தீயை எப்படிக் காட்டுவது? சாதாரண நாளில் அரை மணி நேரத்துக்குள் போகிற தூரம்; அன்று அருவிக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகச் சிரித்துக்கொண்டு நடந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே போனேன். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது முன்னால் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளத் தள்ள மேலேயிருந்து சரிந்தது. பின்னால் இன்ஜின் மூடியின் மேல் இரண்டு பேர் கடப்பாரையோடு நின்றார்கள். என் தகட்டில் ப்ரைமர் மட்டும் உதிர்ந்திருந்தது. கடப்பாரை நுழைய ஓர் ஓரம்கூட நான் விட்டு வைக்கவில்லை.

"இவ்வளவு நேரம் உள்ளருந்து தட்டிக்கிட்டே இருந்தாரு அண்ணாச்சி" என்றார் ஒருவர். "இப்பத்தான் சத்தத்தக் காணும்."

கிரைண்டரை மாட்டினால் கரண்ட் இல்லை. காற்றில் எங்கோ மரம் கம்பியின் மேல் விழுந்திருந்தது. ஜெனரேட்டருக்கு ஆள் போனது. அதுவரை உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். நான் போட்ட வெல்டு. எந்த இடத்தில் பலம் குறைவாக இருக்கும் என்று எனக்குத்தானே தெரியும்? எந்த இடத்திலும் குறையவில்லை. என் வாழ்நாளில் நான் இழுத்த வெல்டுகளிலேயே நல்ல வெல்டு அது. மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டே அடித்தேன். பதில் இல்லை. ஜெனரேட்டர் வந்ததும் மூன்று பக்கம் அறுக்கச் சில நிமிஷங்கள்தான் ஆயின. தகட்டை மடக்கி உள்ளே கையை விட்டேன். தோள் தட்டுப்பட்டது. அதற்குள் நெஞ்சு வரை மணல் ஏறி இறுக்கியிருந்தது. அவருடைய வலது கை மட்டும் வெளியே, தகட்டுப் பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நாலைந்து நாள் கழித்து நான் யார்டில் நின்றுகொண்டிருந்தபோது வண்டியைப் பார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "பின்கண்ணாடி எங்க?" என்றார். "அதுல செவப்பா ஒரு வளையம் தொங்குமே. அதப் புடிச்சு இழுத்தா ரப்பர் உருவிரும். கண்ணாடிய மிதிச்சுத் தள்ளிட்டு வெளிய வந்துரலாம். முன்னால மாட்டிக்கிட்டா வேற வழி கிடையாதுல்லா. எவம்லே இத அடைச்சான்?"

நான்தான் என்று சொல்லவில்லை. பட்டறைக்கு வந்து இரும்பு டப்பாவைக் கவிழ்த்தேன். வளையம் கிடந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் அம்மா, "நனையக் கூடாதுன்னு மச்சினன் பாத்துப் பாத்து அடைச்சுக் குடுத்தான், விதி" என்று அழுதாள். எல்லோரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அந்தக் கைகளை உதற வேண்டும் போல இருந்தது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை உள்ளே தனியாக இருந்தாள். வளையத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் வளையத்தைத் தொடவில்லை.

"தெரியும்ணே" என்றாள். "வண்டிய எடுத்துட்டு வந்த அன்னைக்கே சொன்னாரு. பின்னால அடைக்கக் கூடாது, அது தப்பிக்கிற வழின்னு. அண்ணன்ட்ட சொல்ல வேண்டியதுதானன்னேன். மச்சான் அவ்வளவு ஆசையா செஞ்சிருக்காரு, குறை சொன்னா முகம் வாடிரும், சாரல் முடியட்டும், வேற ஏதாவது சாக்குச் சொல்லி வெட்டிக்கிடலாம்னாரு. நானும் சரின்னுட்டேன். தாழ்ப்பா இறுக்கம்னதுக்குக் கேட்டையே நீ கழட்டிட்டு வந்தல்லா, அத நெனச்சு நானும் சரின்னுட்டேண்ணே."

அரை மணி நேர வேலை அது. தகட்டை அறுத்து, இரண்டு கீல் வைத்து, உள்ளே ஒரு கொண்டி போட்டால் போதும். அவர் சொல்லியிருந்தால் எனக்கு நிச்சயம் கோபம் வந்திருக்கும். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டேன். ஆனாலும் செய்திருப்பேன் மாப்ள.