உள்ளுக்கு ஆளுண்டு

சனிக்கிழமை காலைக் கஞ்சி உள்ளே போனதும் ஞானையன் அடுக்களைக்குள் நுழைந்து சிரட்டை அகப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். பலா மரத்தடியில் அவருடைய கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். முன் இருக்கையில் மனைவி பூங்கனி முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அகப்பைக் காம்பின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, சிரட்டையைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார் ஞானையன். நாடி பிடிக்கிற வைத்தியர்கூட அவ்வளவு நேரம் பிடிக்கமாட்டார். பையப் பைய அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவும்.

"ஏட்டி, உள்ளுக்கு ஆளுண்டு" என்பார்.

அந்த ஆள் ஒரு சத்தம். டிக், டிக் என்று எஞ்சினின் ஓட்டத்துக்குத் தாளம் போடுகிற சின்னச் சத்தம். அது கேட்டுவிட்டால் அன்றைக்கு எஞ்சினின் மேல்மூடியை, அவர் பாஷையில் 'ஹெட்டை', கழற்றாமல் விடமாட்டார்.

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்ந்தவர் ஞானையன். துரை சீமைக்குக் கப்பலேறும்போது தன் பழைய காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். சிதறால் மலையடிவாரத்தில் கார் உள்ள வீடு என்றால் அந்த ஒரு வீடுதான். ஆனால் அந்தக் கார் ரோட்டில் ஓடிப் பார்த்தவர்களைவிட, அது வாயைப் பிளந்துகொண்டு மரத்தடியில் கிடந்ததைப் பார்த்தவர்களே அதிகம். மனுஷருக்கு அதில் வருத்தம் கிடையாது. ஓட்டுகிறபோது முகத்தை உர்ரென்று வைத்திருப்பவர், கழற்றுகிறபோது சீட்டியடிப்பார்.

கழற்றுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் ரேடியேட்டர் தண்ணீரைப் பானையில் பிடிப்பார். மேல்குழாயையும் மின்கம்பிகளையும் அவிழ்ப்பார். பிறகு நட்டுகள். ஒரு நட்டை ஒரேயடியாகத் திருகி எடுப்பது அவர் கணக்கில் பாவம். ஓரத்தில் இருந்து நடுவுக்கு, மூலைக்கு மூலை மாற்றி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். இல்லாவிட்டால் ஹெட்டு கோணிப்போகுமாம். கழன்ற நட்டுகள் பூங்கனியின் பல்லாங்குழிப் பலகையில் ஏறும். எஞ்சினில் இரண்டு வரிசை, பலகையிலும் இரண்டு வரிசை. எந்தக் குழியில் எந்த நட்டு என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். பூங்கனி அந்தப் பலகையில் விளையாடிப் பல காலம் ஆகிவிட்டது.

நட்டெல்லாம் போன பிறகும் ஹெட்டு அசையாது. சூட்டில் வெந்து ஒட்டிக்கொண்டிருக்கும். உளியை விட்டு நெம்பினால் என்ன என்று வேலியோரம் நின்று யாராவது கேட்டால் அவர்களோடு ஒரு வாரம் பேசமாட்டார். நெம்பினால் ஹெட்டின் அடிமுகம் கீறிவிடும், அப்புறம் அது எந்தக் காலத்திலும் சரியாக உட்காராது. அதற்குத்தான் பூங்கனி இருக்கிறாளே. பிளக்குகளைக் கழற்றாமல் விட்டுவைத்து, முன்னால் இருக்கும் இரும்புக் கைப்பிடியைச் சுற்றச் சொல்வார். அம்மியில் மசாலா அரைத்த கை, ஒரே சுற்று. உள்ளே அடைபட்ட காற்று மூச்சு முட்டி ஹெட்டைத் தானே தூக்கிவிடும். புட்டுக்குழலில் இருந்து புட்டு கழல்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். இரண்டு பேருமாக அதைத் தூக்கி ஓலைப்பாயில் வைத்ததும், "கொள்ளாம்" என்று ஒரு பாராட்டுச் சொல். பூங்கனிக்குக் கிடைக்கிற சம்பளம் அதுதான்.

பிறகு அவர் சிரட்டைச் சில்லால் கரியைச் சுரண்டுவார், சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவார். ஒரு தடவை சட்டி மாறிப்போய் சாளை மீன் குழம்பு மணத்த மணத்தைப் பூங்கனி இன்னும் மறக்கவில்லை. ஆற அமரத் துடைத்து மறுபடி மூட புதன், வியாழன் ஆகும். சத்தம் மட்டும் அடுத்த சனிக்கிழமைக்குத் தவறாமல் வந்துவிடும்.

இதில் வேடிக்கை, அவர் தனியாக ஓட்டினால் சத்தம் வருவதில்லை. பூங்கனி ஏறி உட்கார்ந்தால்தான் வரும். அவள் இறங்கினால் நின்றுவிடும். அவள் கனத்தில் வண்டி இடப்பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கத்து நட்டு ஏதோ தளர்கிறது என்பது ஞானையன் கண்ட சாஸ்திரம். இதை ஆலயத்து வாசலில் நாலு பேர் காதுபடச் சொன்னபோது பூங்கனிக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. போன வருஷம் ஈஸ்டர் வரைக்கும் அந்தச் சத்தமே இல்லையே, அதற்குப் பிறகு நான் என்ன பெருத்தா போனேன் என்று கேட்டுப் பார்த்தாள். சாஸ்திரம் அசையவில்லை.

அந்த ஈஸ்டரில் வேறொன்றும் நடந்திருந்தது. மூக்குப்பொடி போடுவதை விட்டுவிடுவதாகப் பூங்கனி கணவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். விடத்தான் முடியவில்லை. அலமாரியில் எல்லார் கண்ணிலும் பட இருந்த பித்தளைப் பொடி டப்பி, அன்றிலிருந்து அவள் சேலைச் செருகலுக்குள் குடியேறிவிட்டது.

இப்படி இருக்கையில் அவள் தம்பி செல்வதாஸுக்குக் கலியாணம் வந்தது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் பிறந்த வீடு. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைக்க, பின்னால் நின்று முடிச்சுப் போட வேண்டியவள் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள். செல்வதாஸுக்கு இருப்பது ஒரே அக்கா. அத்தானுக்க காரை நம்பாதே, முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிடு என்று அவன் சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஞானையனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் பஸ்ஸில் போனால் தான் கலியாணத்துக்கே வரப்போவதில்லை என்றார். அவரை விட்டுவிட்டுப் போய் நிற்க அவளுக்கும் மனசு வரவில்லை. காரிலேதான் வருவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

கலியாணத்தன்று விடிந்ததும் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. டிக், டிக், டிக்.

ஞானையன் கீழே இறங்கி ஸ்பானரை எடுத்தார். பூங்கனி கணக்குப் போட்டாள். இப்போது ஹெட்டைக் கழற்றினால், எவ்வளவு அவசரமாக மூடினாலும் தாலிகட்டு முடிந்து பந்தியும் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். இன்றைக்கு மட்டும் அந்த ஆள் உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கெஞ்சினாள். ஆளை உள்ளே வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்டக் கூடாது, நடுவழியில் நின்றால் உன் தம்பி ஆயுசுக்கும் சிரிப்பான் என்றார் அவர்.

"அம்மை செத்தப்பம் அவனை இடுப்பில தூக்கி வளத்தவ நான். வேற ஒருத்தி முடிச்சுப் போடுவா. நான் இங்க உங்களுக்க ஹெட்டைச் சுமந்துக்கிட்டு நிக்கணுமா?"

சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். ஞானையன் ஸ்பானரும் கையுமாக விழித்தார். கண்ணைத் துடைக்கச் சேலைத் தலைப்பை இழுத்தபோது அவள் முழங்கை இடுப்பில் அழுந்தியது. சத்தம் நின்றது. கையை எடுத்தாள், டிக் என்றது. மறுபடி அழுத்தினாள், நின்றது. இடுப்பில் செருகியிருந்த பித்தளை டப்பி கதவின் இரும்புக் கொண்டியில் முட்டிக்கொண்டு எஞ்சின் அதிர்வுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பூங்கனிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. சொன்னால் வாக்குத் தவறியது வெளியே வரும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு பொடி டப்பிக்காக மனுஷர் வருஷம் முழுக்க எஞ்சினைக் கழற்றி மாட்டினார் என்று ஊர் சிரிக்கும், செல்வதாஸ் முதல் ஆளாகச் சிரிப்பான். அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"இஞ்சேருங்க, எனக்க பக்கத்து மூலை நட்டை ஒரு கால் முறுக்கு முறுக்கிப் பாருங்க" என்றாள்.

பெண்பிள்ளை அழுத முகத்தோடு சொல்கிறாளே என்று அவர் முறுக்கினார். அதே நேரம் அவள் டப்பியை உருவிக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். எஞ்சின் எண்ணெய் போட்ட செக்கு மாதிரி வழுவழுவென்று ஓடியது. ஞானையன் அகப்பையை வைத்துக் கேட்டார். வேறொரு பக்கம் வைத்தும் கேட்டார்.

"கால் முறுக்கு. அதுக்காக்கும் இவன் இத்தனை நாளு ஆட்டம் போட்டது" என்றார்.

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று ஊர் ஊராக ஹாரனை அடித்துக்கொண்டு போனார். பூங்கனி டப்பியை வேதப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கர்த்தருக்குத் தெரியாததா என்ன. ஆலய வாசலில் கார் போய் நின்றபோது கோட்டுப் போட்ட செல்வதாஸ் தானே வந்து அக்காளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். தாலிக்கு மூன்று முடிச்சையும் அவளே போட்டாள். கண்ணீரில் மூன்றாவது முடிச்சு சரியாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆண்பிள்ளைகள் பானெட்டைச் சுற்றி நிற்க, கால் முறுக்கின் கதையை ஞானையன் பந்திக்கு முன்னும் பின்னும் சொன்னார்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தக்கலை வரைக்கும் ஞானையன் பேசிக்கொண்டே வந்தார். அப்புறம் பேச்சு குறைந்தது. காதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மார்த்தாண்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கலுங்குப் பாலத்தருகே ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்தார். வயலில் தவளைகூடக் கத்தவில்லை.

"ஆளைக் காணல்லியே, ஏட்டி" என்றார்.

"போயிட்டான்லா, நல்லதுதானே."

"நல்லதுதான்" என்றார். மடியில் கிடந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை. மறுபடியும் துடைத்தார். நாளை மறுநாள் சனிக்கிழமை.

பூங்கனி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேதப் புத்தகப் பைக்குள் கையை விட்டாள். டப்பியை எடுத்துச் சேலைச் செருகலில் பழைய இடத்திலேயே வைத்து, கதவோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.